சிறுநீரகம் மாற்றியவரின் வாயில் ஆறாத புண்: லிம்போமா என்று பயப்பட வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கணவருக்கு ஆறு வருடங்களுக்கு முன் சிறுநீரகம் மாற்றினார்கள். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க டக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசொலோன் மூன்றையும் தினமும் எடுக்கிறார், பிரஷருக்கு அம்லோடிபினும் எடுக்கிறார். வலது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லைச் சுற்றி முரசு வீங்கி, பல் ஆடத் தொடங்க, வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கில் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஐந்து வாரமாகியும் குழி மூடவில்லை. குழிக்குள்ளிருந்து சிவந்த சதை ஒன்று மேலே வளர்ந்து வருகிறது. வலி பெரிதாக இல்லை. இரண்டு தடவை அன்டிபயோடிக் கொடுத்தும் மாற்றமில்லை. உறவினர் ஒருவர் "கிட்னி மாத்தின ஆக்களுக்கு லிம்போமா வருமாம்" என்று சொல்ல, வீடே கலங்கிப்போயிருக்கிறது. மாமியார் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார். பிள்ளைகள் அப்பாவின் கோப்பையில் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தாலும் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லிம்போமாவாக, அதாவது வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்றுநோயாக, இருக்கும் வாய்ப்புக் குறைவுதான். அப்படியிருந்தும் இந்தக் கிழமைக்குள் அந்தச் சதையில் ஒரு துண்டை எடுத்துப் பயொப்சிக்கு, அதாவது நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். மூன்றாவது அன்டிபயோடிக் வேண்டாம்.

உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. உறுப்பு மாற்றியவர்களுக்கு வரும் இந்த வகை நோயைப் பீடிஎல்டி என்று டொக்டர்கள் சொல்வார்கள். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் விடயம். அந்தப் பெருக்கம் சிலருக்கு ஆரம்ப நிலையிலேயே நிற்கும், சிலருக்கு முழு லிம்போமாவாகிவிடும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலில் இந்த வைரஸ் சத்தமில்லாமல் இருக்கிறது. உங்கள் உடலிலும் இருக்கும், என் உடலிலும் இருக்கும். பி லிம்போசைட்டுகளுக்குள் அது ஒளிந்திருக்க, டி லிம்போசைட்டுகள் அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கின்றன. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் அடக்குவது அந்த டி அணுக்களைத்தான். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அதே மருந்து வைரஸுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தாடைக் கட்டியால்தான். உகண்டாவில் வேலை செய்த டெனிஸ் பேர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சிறுவர்களின் தாடையில் வேகமாக வளரும் கட்டிகளைப் பற்றி 1958இல் எழுதினார். அந்தக் கட்டியிலிருந்து வளர்த்த அணுக்களில்தான் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் 1964இல் வைரஸைக் கண்டார்கள். ஆகவே பல்லும் தாடையும் பார்க்கிற எங்களுக்கு இது தூரத்து விடயமல்ல.

எவ்வளவு பேருக்கு வருகிறது? சிறுநீரகம் மாற்றிய வளர்ந்தவர்களில், வருடக்கணக்கில் பார்த்தால், நூற்றுக்கு ஒருவர் இருவர் அளவில்தான். சிறுகுடல் மாற்றியவர்களுக்கு இதைவிட அதிகம். வந்தவர்களிலும் வாயில் தொடங்குவது சிறு பங்குதான். முதல் வருடத்தில் ஆபத்துக் கூட. பிறகு குறைந்து, ஐந்து பத்து வருடங்களுக்குப் பின் மறுபடி கொஞ்சம் ஏறும். "ஆறு வருஷம் ஒன்றும் வரவில்லை, இனி வராது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தொடக்கத்திலோ, நிராகரிப்பு வந்த நேரத்திலோ அவருக்கு ஏடிஜி என்ற, டி அணுக்களைக் கடுமையாக அடக்கும் ஊசி போட்டார்களா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். போட்டிருந்தால் ஆபத்துச் சற்று அதிகம், டொக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

சரி, வாயில் இது எப்படித் தெரியும்? இங்கேதான் சிக்கல். தனக்கென்று ஒரு முகம் இல்லாத நோய் இது. முரசில் வந்தால் பல் வேரில் சீழ் கட்டியது போலவே இருக்கும். ஆனால் சீழ் வராது, சீழ்க்கட்டிக்குரிய துடிக்கும் வலியும் இருக்காது. தொட்டால் மெத்தென்று அல்லது ரப்பர் போல இருக்கும், சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருக்கும், மேல்பகுதி பிறகு புண்ணாகலாம். அண்ணத்தில் வந்தால் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மெல்ல உப்பிவரும். பல்செட் போடுகிறவர் "செட் இப்போது சரியாக உட்காரவில்லை" என்றுதான் முதலில் வருவார். தொண்டையில் வந்தால் ஒரு டொன்சில் மட்டும் பெரிதாகும். சிறுவர்களில் இரண்டு டொன்சிலும் மூக்குக்குப் பின்னாலுள்ள சதையும் சேர்ந்து வீங்கி, இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் வரலாம். சிறுவயதில் உறுப்பு மாற்றிய பிள்ளை புதிதாகக் குறட்டை விடுகிறது என்றால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இந்த வைரஸ் முதன்முதலாக வருவதே உறுப்பு மாற்றிய பிறகுதான், கொடுத்தவரின் உறுப்போடு சேர்ந்து வருவதும் உண்டு. அவர்களுக்கு ஆபத்துக் கூடுவதற்குக் காரணம் அதுதான்.

எலும்புக்குள் தொடங்கினால் வேறு கதை. சொத்தை இல்லை, முரசு நோயும் பெரிதாக இல்லை, பல் மட்டும் ஆடும். எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய வெள்ளைக் கோடு அழிந்திருக்கும், எலும்பு எல்லை தெளிவில்லாமல் கரைந்திருக்கும். பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது, உள்ளேயிருந்து சதை வளரும். உங்கள் கணவருக்கு நடந்திருப்பதோடு இது ஒத்துப்போகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. குழிக்குள் எலும்புத் துண்டோ வேர்த் துண்டோ மிஞ்சிக் கிடந்தாலும் இதே மாதிரிச் சதை வளரும், அதுவே அதிகம் நடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வியை அவரிடம் இன்றே கேளுங்கள்: கீழ் உதட்டிலோ நாடியிலோ விறைப்பு இருக்கிறதா? இருந்தால், அது பல் பிடுங்குவதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? பிடுங்கிய பின் வந்த விறைப்புக்கு ஊசியோ பிடுங்கிய விதமோ காரணமாகலாம். அதற்கு முன்பே, ஒரு காரணமும் இல்லாமல் நாடி விறைத்திருந்தால், தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஏதோ பாதிக்கிறது என்று அர்த்தம். பல் கிளினிக்கில் இதை யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். கழுத்திலும் தாடைக்குக் கீழும் நோகாத, உருண்டையான கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும்படி வியர்ப்பது, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஆகியவையும் முக்கியம். ஆனால் வாயில் மட்டும் நோய் இருப்பவருக்கு இவை ஒன்றும் இல்லாமல் போகலாம். "காய்ச்சல் இல்லைத்தானே" என்று ஆறுதல்பட முடியாது.

இனி, லிம்போமா மாதிரித் தெரியும் மற்றவை. உறுப்பு மாற்றியவரின் வாயில் வரும் பெரும்பாலான பிரச்சினைகள் இவைதான். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு முரசு தடித்து வளரும். பிரஷர் மருந்துகளான அம்லோடிபினும் நிஃபெடிபினும் கூட அதைச் செய்யும், சைக்ளோஸ்போரினோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆனால் மருந்தால் வரும் வளர்ச்சி பொதுவாக முன்பற்களின் இடைவெளிகளில் தொடங்கி, பல இடங்களில் ஏறக்குறைய சமமாக, உறுதியாக இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும், சில வாரங்களுக்குள் வேகமாக வளர்வதை மருந்தின் தலையில் கட்டக்கூடாது. நிராகரிப்பைத் தடுக்கும் வேறு மருந்துகளான சிரோலிமஸ், எவெரோலிமஸ் தொடங்கினால் முதல் வாரங்களில் உதட்டின் உட்புறம், நாக்கு ஓரம் எல்லாம் கொப்புளப் புண் போல வரும், அது கடுமையாக நோகும். மைகோஃபெனோலேட்டாலும் புண் வருவதுண்டு. ஹேர்பீஸ் வைரஸ் மற்றவர்களுக்குப் பத்து நாளில் ஆறிவிடும். இவர்களுக்கு வாரக்கணக்கில் நின்று, அடையாளம் தெரியாத பெரிய புண்ணாகிவிடும். சைட்டோமெகலோ வைரஸ் ஆழமான புண்ணைத் தரும். காசநோய்ப் புண் நம் நாட்டில் மறந்துவிடக்கூடிய ஒன்றல்ல. நாக்கின் ஓரங்களில் வெள்ளையாக, வழித்தாலும் போகாத, கோடு கோடாக ஒரு படலம் சிலருக்கு வரும். அதற்கும் இதே எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் காரணம். அது புற்றுநோயாக மாறுவதில்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அண்ணத்தில் ஊதா நிறத் திட்டு வந்தால் கபோசி சார்கோமா என்ற புற்றுநோயையும் நினைக்க வேண்டும்.

அப்புறம் வெற்றிலை. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பாக்கும் புகையிலையும் சேர்த்துச் சப்புவது அதற்குப் பெரிய காரணம். சிறுநீரகம் மாற்றியவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் இந்த ஆபத்து மேலும் ஏறும், உதட்டுப் புற்றுநோயும் கூடும். கணவர் சப்புகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. முன்பு சப்பி இப்போது விட்டிருந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள். எல்லாரும் லிம்போமாவையே யோசித்துக்கொண்டிருக்க, சாதாரண வாய்ப் புற்றுநோய் நழுவிப் போய்விடக்கூடாது.

இவ்வளவையும் ஏன் அடுக்குகிறேன் என்றால், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்கு மாத்திரையை மாற்ற வேண்டும், ஒன்றுக்கு வைரஸ் மருந்து, ஒன்றுக்கு ஆறு மாதக் காசநோய் மருந்து, ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை. ஊகத்தில் சிகிச்சை தொடங்கினால் காலம்தான் போகும். இதில் ஒரு சிறப்பான தொல்லையும் உண்டு: புண்ணுக்கு ஸ்டீரொய்ட் களிம்பு பூசினாலோ, ஸ்டீரொய்ட் மாத்திரையைக் கூட்டினாலோ லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, பயொப்சியில் தெளிவில்லாத முடிவு வரலாம். ஆகவே துண்டு எடுக்கும்வரை அந்த இடத்தில் ஒன்றும் பூச வேண்டாம்.

பல் பிடுங்கிய டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆடும் பல், வீங்கிய முரசு என்றால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சரியான முடிவுதான். முதல் அன்டிபயோடிக்கும் நியாயம். ஆனால் உறுப்பு மாற்றியவரின் வாயில் எது இருந்தாலும், காரணம் தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் துண்டு எடுக்க வேண்டும். இரண்டாவது அன்டிபயோடிக்கின் இடத்தில் பயொப்சிக்கு அனுப்பும் கடிதம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கொழும்பில் இதற்கு அலைய வேண்டியதில்லை. வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம், அல்லது பெரிய அரச வைத்தியசாலைகளில் உள்ள ஓஎம்எஃப் யூனிட் (வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைப் பிரிவு) ஒன்றுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். செலவில்லை. விறைப்பு ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அன்றே வீடு. அதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை தேவை. மைகோஃபெனோலேட் இரத்தத்தட்டுகளையும் வெள்ளை அணுக்களையும் குறைக்கக்கூடியது. அஸ்பிரின் எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

பயொப்சியை விட முக்கியம், துண்டோடு போகும் படிவம். நுணுக்குக்காட்டியில் பார்க்கிற நோயியல் டொக்டருக்கு அந்தக் காகிதத்தைத் தவிர நோயாளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல மாதிரிகள் பேராதனைப் பல் மருத்துவ பீடம்வரை போகின்றன. "ஆறாத குழி" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் வீக்கமும் அழற்சியும் என்று அறிக்கை எழுதலாம். "சிறுநீரகம் மாற்றியவர், டக்ரோலிமஸும் மைகோஃபெனோலேட்டும் எடுக்கிறார், லிம்போமா சந்தேகம்" என்று இருந்தால் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் காட்டும் ஈபர் சோதனையும், அணுக்களின் வகையைக் காட்டும் சீடி20 போன்ற சாயங்களும் சேர்த்துப் பார்ப்பார். 2010இல்தான் தனியாக விவரிக்கப்பட்ட ஒரு நிலை இருக்கிறது: இந்த வைரஸால் வாயிலோ தோலிலோ வரும், எல்லை தெளிவான ஒற்றைப் புண். நுணுக்குக்காட்டியில் அது ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற லிம்போமா வகை போலவே தெரியும், ஆனால் மருந்தைக் குறைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். மருந்து விபரம் தெரியாத ஒருவர் அதைப் பெரிய புற்றுநோய் என்று எழுதிவிட்டால், தேவையில்லாமல் கீமோதெரபி வரை போகலாம். ஆகவே மாத்திரைப் பட்டியலைப் படிவத்தில் எழுதினார்களா என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். காசநோய், பூஞ்சைச் சோதனைக்கு ஃபோர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாத தனித் துண்டு வேண்டும் என்பதையும் அவர்கள் கவனிப்பார்கள். இரத்தத்தில் வைரஸ் அளவு பார்ப்பது உதவும், ஆனால் பயொப்சிக்குப் பதிலாகாது. இப்போது சொன்ன ஒற்றைப் புண்ணில் இரத்தத்தில் வைரஸ் தெரியாமலே இருக்கலாம்.

மாமியார் சொல்வது பாசத்தில்தான், ஆனால் ஒரு மாத்திரையைக் கூட நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக்காதீர்கள். பீடிஎல்டிக்கு முதல் சிகிச்சையே இந்த மருந்துகளைக் குறைப்பதுதான் என்பது உண்மை. அப்படிக் குறைத்தால் லிம்போமா பின்வாங்கலாம் என்று உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் ஸ்டார்சலின் குழு 1984இலேயே காட்டியது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வழக்கமாக மைகோஃபெனோலேட்டை நிறுத்தி, டக்ரோலிமஸைக் கொஞ்சம் குறைத்து, பிரெட்னிசொலோனை விட்டுவைப்பார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை இரத்தத்தில் அடிக்கடி பார்த்துக்கொண்டே செய்வார்கள். வீட்டில் நிறுத்தினால் சிறுநீரகத்தை இழக்கலாம். பல வருடம் பிரெட்னிசொலோன் எடுத்தவர் அதைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையைத் தொடாமலே அதன் அளவைக் குழப்பும் வழிகளும் உண்டு. பாமசியில் பழைய பெட்டியைக் காட்டி மருந்து வாங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்டிபயோடிக்குகளும் ஃப்ளூகொனசோல் என்ற பூஞ்சை மருந்தும் இரத்தத்தில் டக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். வாய்க்குப் பூசும் மைகொனசோல் ஜெல்லும் சந்தேகத்துக்குரியதுதான். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கூடாது, மாற்றிய சிறுநீரகத்துக்கு அவை கெடுதல். பனடோல் போதும். ஜம்போலாவும் கிரேப்ஃபுரூட்டும் சாப்பிட வேண்டாம். கராம்பு எண்ணெய் புண்ணைச் சுட்டுவிடும், உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

பயொப்சியில் உண்மையாகவே பீடிஎல்டி என்று வந்தால்? வேறு எங்கும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். மருந்தைக் குறைத்து இரண்டு முதல் நான்கு வாரம் பார்ப்பார்கள். போதாவிட்டால் ரிட்டுக்சிமாப், அது சீடி20 உள்ள அணுக்களைக் குறிவைக்கும் ஊசி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு. அதற்கும் அடங்காவிட்டால்தான் கீமோதெரபி. ஒரே இடத்தில் சிறியதாக இருந்தால் வெட்டியெடுப்பதோ கதிர்ச் சிகிச்சையோ போதுமாகலாம். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள் என்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில், நேரத்தோடு பிடிபட்டவர்களில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள்.

நாளைக் காலை முதலில் அவருடைய சிறுநீரக மாற்றுக் கிளினிக்குக்கு, மாளிகாவத்தையோ வேறெங்கோ, ஃபோன் பண்ணி வாயில் உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பல் வைத்தியசாலைக்குப் போங்கள். பல் பிடுங்கிய இடத்தில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுங்கள். கிளினிக் கொப்பியும் மாத்திரை அட்டைகளும் ஒரு பையில் இருக்கட்டும். இடையில் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ திகதி ஒன்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரையை வாந்தி எடுத்தாலும், வாய் நோவில் மாத்திரை விழுங்க முடியாவிட்டாலும் அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விடயம்: லிம்போமா தொற்றாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சிலால் பரவுவது உண்மை, ஆனால் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்தும் வரும், வந்தாலும் சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். பயொப்சி முடிவு வரும்வரை கோப்பையையும் கரண்டியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஹேர்பீஸோ வேறு தொற்றோ என்றால் நல்லது என்பதற்காக மட்டும். அப்பாவின் மடியில் இருப்பதற்கு ஒரு தடையும் இல்லை.